சுலபமான தையல்: ஒரு துணிப்பாக்கும் அதன் கூலியும்

போன மாதம் நாங்கள் ஒரு சின்னப் பட்டறை வைத்தோம். சுவரொட்டியில் பெரிய எழுத்தில் "சுலபமாகத் தையல் பழகுவோம்" என்று போட்டோம். கீழே, "ஊசி பிடிக்கவே தெரியாதவர்களுக்கு. கட்டணம் இல்லை." கம்பஸுக்குக் கிட்ட இருக்கிற ஒரு வாசிகசாலையின் பின் அறை, வீடுவீடாகச் சேர்த்த பழைய சேலைகளும் சாரங்களும், ஒரு பெட்டி ஊசி, நாலு கத்திரிக்கோல், பிளேன்ரீ. இருபத்தொரு பேர் வந்தார்கள். அதில் ஆறு பேர் பெடியள். அந்த ஆறு பேரில் நாலு பேர் முதல் அரைமணித்தியாலமும் "இது எங்களுக்கு வராது" என்று சொல்லிக்கொண்டே கதவடியில் நின்றார்கள்.

பழக்க வந்தவர் எங்களை விட எட்டு, பத்து வயது கூடிய ஒரு அக்கா. வீட்டில் வைத்துச் சட்டை, பிளவுஸ் தைத்துத்தான் குடும்பம் நடத்துகிறார். பின்னேரம் பட்டறை முடிந்ததும் ஒரு நினைவுப் பரிசும் நன்றி மடலும் கொடுத்தோம், கை தட்டினோம், படம் எடுத்தோம். அக்கா சிரித்துக்கொண்டே வாங்கினார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "தம்பியவை, பஸ் காசும் இண்டைக்கு நான் தைக்காமல் விட்ட வேலைக்கான காசும் எப்ப தருவீங்கள்?"

எங்களிடம் பதில் இல்லை. சுவரொட்டி அச்சடித்த கடைக்குக் காசு கொடுத்திருந்தோம். அறையைத் துப்புரவாக்கியவருக்குக் கொடுத்திருந்தோம். தேத்தண்ணிக்கும் கொடுத்திருந்தோம். பழக்கிற ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தில் கூட ஒருவரும் கதைக்கவில்லை. உழைப்பு, சுரண்டல் என்று இதே பக்கத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறோம். பிறகும் ஏன் தோன்றவில்லை?

அண்டிரவு இருந்து கதைத்ததில் ஒன்று விளங்கியது. சுவரொட்டியில் நாங்கள் ஆசையாகப் போட்ட அந்த முதற்சொல்லிலேயே பதில் இருக்கிறது. "சுலபம்" என்று சொன்ன மாத்திரத்தில் அது கூலி இல்லாத வேலையாகிவிடுகிறது. இந்தப் பழக்கம் எங்களோடு தொடங்கியதல்ல. அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில், அந்தப் பாக்

அதற்கு முன் அண்டைக்குத் தைத்ததைச் சொல்லிவிடுகிறோம். வாசிப்பவர்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். பிறகு வரப்போகிற ஒரு விசயத்துக்கும் அது தேவைப்படும்.

36 அங்குல நீளம், 16 அங்குல அகலத்தில் ஒரு துணி. பழைய சேலையின் உடல் பகுதி போதும். மெல்லிய துணியென்றால் இரண்டு பட்டாகப் போடுங்கள். நல்ல பக்கம் உள்ளுக்கு வருகிற மாதிரி நீளத்தைச் சரிபாதியாக மடியுங்கள். கீழே மடிப்பு, மேலே வாய். இப்போது இரண்டு பக்கங்களை மட்டும் தைத்தால் போதும். விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி நூலோடிக்கொண்டு போங்கள். ஊசியை மேலே, கீழே, மேலே, கீழே என்று விடுவதுதான் நூலோடுதல். நாலு விரல் தூரத்துக்கு ஒருக்கால் ஊசியை ஒரு தையல் பின்னுக்குக் குத்தி எடுங்கள். அப்போதுதான் ஒரு இடத்தில் நூல் அறுந்தாலும் முழுக்கப் பிரிந்து வராது. வாயை முதலில் அரை அங்குலமும் பிறகு ஒரு அங்குலமுமாக இரண்டு மடிப்பு மடித்துத் தையுங்கள். காதுக்கு 22 அங்குல நீளம், 4 அங்குல அகலத்தில் இரண்டு கீலம் வெட்டி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் நாலாக மடித்துத் தையுங்கள். காதைப் பாக்கோடு பொருத்துகிற இடத்தில் ஒரு சதுரம் தைத்து, அதற்குள்ளே பெருக்கல் அடையாளம் மாதிரிக் குறுக்கே தைக்க வேண்டும். பாரம் முழுக்க அந்த இடத்தில்தான் தொங்கும். மற்ற எல்லாத் தையலும் கோணல்மாணலாகப் போனாலும் பரவாயில்லை, இதை மட்டும் இறுக்கித் தையுங்கள் என்று அக்கா மூன்று தரம் சொன்னார்.

இவ்வளவுதான். மிசின் வேண்டாம். முதன்முதலாக ஊசி பிடித்த ஆளுக்கும் மூன்று மணித்தியாலம் காணும். 2017 செப்ரெம்பரில் இலங்கையில் ஒரு வகைப் பொலித்தீன் பைகளுக்கும் லஞ்ச் சீற்றுக்கும் ரெஜிபோம் பெட்டிகளுக்கும் தடை வந்தபோது, எங்கள் பள்ளிக்கூடங்களில் "துணிப்பாக் பாவிப்போம்" என்று பேச்சுப்போட்டி வைத்தார்கள். நாங்களும் பேசிப் பரிசு வாங்கினோம். ஒரு பாக் தைக்க ஒருவரும் பழக்கவில்லை.

"எங்களுக்கு வராது"

கதவடியில் நின்ற பெடியளின் வசனத்தை எடுப்போம். களுத்துறை மாவட்டத்திலுள்ள பாஹியன் குகையில் கிடைத்த எலும்புக் கருவிகளைப் பற்றிய ஆய்வொன்று 2020இல் வெளியானது. கிட்டத்தட்ட 48,000 ஆண்டுகளுக்கு முந்தியவை அவை. குரங்கு எலும்பைச் சீவிச் செய்த அம்பு முனைகளோடு, தோலையோ நாரையோ பதப்படுத்தப் பாவித்திருக்கக்கூடிய கருவிகளும் இருந்தன. வலை பின்னியிருக்கலாம், உடுப்புச் செய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கருவியைப் பிடித்த கை ஆணுடையதா பெண்ணுடையதா என்று எலும்பு சொல்லாது. துளைப்பதும் கோப்பதும் இந்தத் தீவில் மனிதர் செய்த மிகப் பழைய வேலைகளில் ஒன்று என்று மட்டும் சொல்லலாம்.

அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. எங்கள் ஊர்ச் சந்திகளில் மிசினை முன்னால் வைத்து, கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு இருக்கிற ரெயிலர் யார்? பெரும்பாலும் ஆம்பிளை. கலியாணக் கோட்டுத் தைக்கிறவர் ஆம்பிளை. மீன்பிடிக் கரையில் இருந்து வலை பொத்துகிறவரும் ஆம்பிளை. தையல் ஆம்பிளைக்கு வராது என்பது முழுப் பொய். காசு வராத தையல்தான் ஆம்பிளைக்கு "வராது". தெருவில் இருந்தால் அது தொழில், அதற்கு விலை இருக்கிறது. வீட்டுக்குள் இருந்தால் அது கைவேலை, அதற்கு "நல்ல பிள்ளை" என்று ஒரு பேர் மட்டும். ஊசியும் நூலும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

உடுவிலும் நாகர்கோயிலும்

யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகத் தையல் வந்த கதையை அமெரிக்க மிசனோடு தொடங்கலாம். 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமார் 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார்கள். ஹரியற் வின்ஸ்லோ அதை நடத்தினார். 1840இலிருந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் எலைசா அக்னியூ அதிபராக இருந்தார். பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. அந்தப் பள்ளிக்கூடம் செய்த வேலை சின்ன வேலையல்ல. எங்களில் எத்தனையோ பேரின் பூட்டிமார் எழுத வாசிக்கப் பழகியது அப்படியான இடங்களில்தான்.

ஆனால் எழுத்தோடு சேர்த்து அங்கே பழக்கப்பட்ட தையலின் நோக்கம் என்ன என்று பார்க்க வேண்டும். படித்த கிறிஸ்தவ ஆண்களுக்கு ஏற்ற மனைவிமாரை உருவாக்குவது மிசனின் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று. அந்தப் பிள்ளைகளின் கலியாணத்துக்கு மிசனே சீதனமும் கொடுத்தது. தையலும் அந்தச் சீதனத்தின் ஒரு பங்கு மாதிரித்தான். அது சந்தைக்குப் போகிற தொழிலாகப் பழக்கப்படவில்லை. ஒழுங்கு, பொறுமை, துப்புரவு எல்லாவற்றுக்கும் அத்தாட்சியாகவே பழக்கப்பட்டது. பிறகு வந்த சைவப் பெண்கள் பாடசாலைகளும் இந்த அச்சை அதிகம் மாற்றவில்லை. எங்கள் அம்மம்மாமார் பெட்டிக்குள் வைத்திருக்கிற, மூலையில் ரோசாப்பூத் தைத்த தலையணை உறைகள் அந்த நீண்ட பாடத்தின் மிச்சம்.

அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர் அரசின் தமிழ்ப் பகுதியில், தையல் வேறு மாதிரி வேலை செய்தது. நாகர்கோயிலில் இலண்டன் மிசனைச் சேர்ந்த மார்த்தா மால்ற் 1820களில் பெண்களுக்கு லேஸ் பின்னப் பழக்கினார். அந்த லேஸ் விற்கப்பட்டது. விற்ற காசு பின்னிய கைக்கு வந்தது. அடிமைகளாக இருந்த பெண்களில் சிலர் அந்தக் காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையையே விலை கொடுத்து வாங்கினார்கள். உடுவிலிலும் ஊசிதான், நாகர்கோயிலிலும் ஊசிதான். ஒன்று கலியாணத்துக்குப் போனது. மற்றது சந்தைக்குப் போனதால் ஒரு ஆள் அடிமைத்தனத்திலிருந்து வெளியில் வர முடிந்தது. கூலி என்பது எவ்வளவு பெரிய விசயம் என்று இதைவிடத் தெளிவாக எங்களுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அதே திருவிதாங்கூரில்தான் சட்டை ஒன்றுக்காக இரத்தம் சிந்தியது. நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்று உயர்சாதியினர் தடுத்தார்கள். மிசனில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்ற தைத்த மேற்சட்டையைப் போட்டபோது சந்தையிலும் தெருவிலும் அதைக் கிழித்தார்கள். பல ஆண்டுகள் நடந்த கலகங்களுக்குப் பிறகு 1859இல்தான் நாடார் பெண்களுக்கு மேலாடை அணிய அரசு அனுமதி கொடுத்தது. அதுவும் உயர்சாதிப் பெண்கள் உடுக்கிற மாதிரி உடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. தையல் கணக்கில் பார்த்தால் அந்தக் குப்பாயம் புதிதாகப் பழகுபவர் தைக்கக்கூடிய சாமான்தான். யார் அதைப் போடலாம் என்பதில்தான் எல்லாக் கஷ்டமும் இருந்தது.

இதை இந்தியக் கதை என்று தள்ளிவிட எங்களுக்கு உரிமையில்லை. யாழ்ப்பாணத்திலும் இருபதாம் நூற்றாண்டு வரை ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் மேலுடம்பை மறைத்து உடுப்பதற்குத் தடை இருந்தது. பெண்கள் சட்டை போடவும் ஆண்கள் சேர்ட் போடவும் போராட வேண்டியிருந்தது. எங்கள் ஊர் வரலாறுகளில் ரோசாப்பூத் தலையணை உறைக்கு ஒரு பந்தி கிடைக்கும். இந்தச் சட்டைகளுக்குக் கிடைப்பது அரிது.

காந்தி சொன்ன கதை

பிறகு மிசின் வந்தது. ஐசாக் சிங்கர் தன்னுடைய தையல் மிசினுக்கு அமெரிக்காவில் 1851இல் காப்புரிமை பெற்றார். சிங்கர் கொம்பனியின் பெரிய கண்டுபிடிப்பு மிசின் மட்டுமல்ல, அதை விற்ற முறையும்தான். 1850களிலேயே தவணைக் காசுக்கு மிசின் கொடுக்கத் தொடங்கினார்கள். முழுக்காசு இல்லாத குடும்பமும் மாதாமாதம் கட்டி வாங்கலாம். இலங்கையில் 1877இல் வியாபாரத்தைத் தொடங்கினார்கள். கறுப்பு உடம்பு, பொன்னிற எழுத்து, காலால் மிதிக்கிற இரும்புத் தட்டு. எங்கள் ஊரில் இண்டைக்கும் சில வீட்டு விறாந்தைகளில் அது நிற்கிறது.

மிசின்களை விரும்பாத காந்தி, 1924இல் ஒரு உரையாடலில், சிங்கர் மிசினுக்கு விதிவிலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்த சிங்கர், அவள்மேல் இருந்த அன்பினால் அதைக் கண்டுபிடித்தார் என்பது காந்தி சொன்ன விளக்கம். மூன்று வருசம் கழித்து, 1927 நவம்பரில், கதர் நிதி சேர்க்க அவர் இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணத்து மாணவர் காங்கிரசின் அழைப்பில் இங்கேயும் வந்தார். எங்களைப் போன்ற இளைஞர்கள்தான் அண்டைக்கு அவரை அழைத்தவர்கள். அவரது கதர்ப் பேச்சுக்கு நாங்கள் இண்டைக்கும் மரியாதை கொடுக்கிறோம். ஆனால் அந்தச் சிங்கர் கதை உண்மையல்ல.

சிங்கர் ஒரு நாடக நடிகர், இயந்திரம் செய்பவர். 1850இல் பொஸ்ரன் நகரப் பட்டறையொன்றில் திருத்த வந்த வேறொருவரின் தையல் மிசினைப் பார்த்து, இதைவிட நன்றாகச் செய்யலாம் என்று இறங்கினார். காசு வரும் என்றுதான் இறங்கினார். பல பெண்களோடு பல குடும்பங்கள் வைத்திருந்த மனிதர் அவர். மனைவியின் கையைப் பார்த்து மனமுருகிய கணவன் என்ற படம் அவருக்குப் பொருந்தாது.

இந்தப் பிழையைச் சொல்வது காந்தியைக் குறைக்க அல்ல. தையல் என்று வந்ததும் இவ்வளவு பெரிய ஆள் கூட அதை உழைப்பாகப் பார்க்காமல் வீட்டு அன்பின் கதையாகப் பார்த்துவிட்டார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். நூற்றாண்டு கழித்து நாங்களும் அதையே செய்தோம். அக்கா "ஆசையாக" வந்து பழக்குகிறார் என்று நினைத்தோம். ஆசை இருந்தது உண்மை. பஸ் காசும் இருந்தது.

மெல்லிய விரல்கள்

வீட்டில் பழகிய தையல் ஒருநாள் தொழிற்சாலைக்குப் போனால் அதற்கு நல்ல விலை கிடைக்க வேண்டுமல்லவா? இலங்கையில் அதுவும் நடந்து பார்த்தாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. 1992இல் ஜனாதிபதி பிரேமதாசவின் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. போருக்குப் பிறகு கிளிநொச்சி அறிவியல் நகர் வரை தொழிற்சாலைகள் வந்தன. மிசினில் இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் இளம் பெண்கள். எங்கள் வகுப்புத் தோழிகள் சிலர் உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு அங்கேதான் போனார்கள்.

அங்கே ஒரு பிள்ளை முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருவர் கொலர் மட்டும், இன்னொருவர் பொக்கற் மட்டும், அடுத்தவர் கைவிளிம்பு மட்டும். மணித்தியாலத்துக்கு இத்தனை என்று இலக்கு. ஐந்து வருசம் வேலை செய்த பிறகும் தனக்கு ஒரு சட்டை வெட்டித் தைக்கத் தெரியாத ஆளாக வெளியே வரலாம். அவரை என்றென்றைக்கும் தொடக்கநிலையிலேயே வைத்திருப்பது போலத்தான் அந்த வேலை பிரிக்கப்பட்டிருக்கிறது.

1981இல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் எழுதிய பேர்போன கட்டுரையொன்று இதைத்தான் விளக்குகிறது. மூன்றாம் உலகப் பெண்களுக்கு இயல்பாகவே மெல்லிய, சுறுசுறுப்பான விரல்கள் என்று தொழிற்சாலைக்காரர் சொல்வார்கள். அந்த விரல் இயல்பாக வந்ததல்ல என்பது அவர்களின் வாதம். சின்ன வயதிலிருந்தே தாயும் பாட்டியும் வீட்டில் கொடுத்த பயிற்சியில் வந்தது அது. அந்தப் பயிற்சி வீட்டுக்குள் நடந்ததால் ஒருவரும் அதைப் பயிற்சியாகக் கணக்கெடுப்பதில்லை. கணக்கெடுக்காததால் அந்த வேலை திறன் தேவையில்லாத வேலை என்று வகைப்படுத்தப்படுகிறது. அதன்படிதான் சம்பளம். எங்கள் அம்மம்மா காசு வாங்காமல் பழக்கிய நூலோட்டம், கட்டுநாயக்கவில் முதலாளிக்கு இலாபமாகப் போய்ச் சேர்கிறது.

இதை வாசித்துவிட்டு எங்கள் சுவரொட்டியைத் திரும்பப் பார்த்தோம். "சுலபமாக."

காது இல்லாத பாக்

இப்போது அந்தப் பாக்குக்குத் திரும்பி வருகிறோம். பட்டறையில் எல்லோரும் இரண்டு பக்கமும் தைத்து முடித்து, காது பொருத்துவதற்கு முன் தேத்தண்ணி குடிக்க எழும்பினோம். மேசையில் இருபத்தொரு பாக் கிடந்தது. எல்லாம் சேலைத்துணி. ஒன்றுக்கும் காது இல்லை. அக்கா ஒன்றைக் கையில் எடுத்து உள்பக்கத்தை வெளியே திருப்பினார்.

"இதோட நிப்பாட்டினா நான் முதல் முதல் தைச்ச சாமான் இதுதான்," என்றார். "அப்ப எனக்குப் பதினாலு வயசு."

2009இன் தொடக்கம். வன்னி. ஓடுகிற இடமெல்லாம் பதுங்குகுழி வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணை மூட்டையாகக் கட்டி விளிம்பிலும் மேலேயும் அடுக்க வேண்டும். உரப்பை முடிந்துவிட்டது. சனம் சேலைகளை எடுத்தது. நூல் சேலை, நைலெக்ஸ், கடைசியில் பெட்டியின் அடியில் இருந்த கூறை. வன்னியிலிருந்து வெளியே வந்தவர்களிடம் கேட்டால் இந்தச் சேலை மூட்டைகளைப் பற்றி எத்தனையோ பேர் சொல்வார்கள். பட்டுக்கரையோடு மண்மூட்டைகள் அடுக்கிக் கிடந்ததைப் பலர் எழுதியும் இருக்கிறார்கள்.

அக்காவின் அம்மா வெட்டிக் கொடுப்பா. அக்கா தைப்பா. ஒரு சேலையில் ஏழு மூட்டை. மடிக்க வேண்டும், இரண்டு பக்கம் தைக்க வேண்டும், அவ்வளவுதான். இரவில் விளக்கு வைக்க ஏலாது. தடவித் தடவித் தைக்கிறதுதான். தையல் நெருக்கமாக இல்லாவிட்டால் மண் ஒழுகும். "பின்தையல் போடச் சொல்லி உங்களைக் கரைச்சல் படுத்தினன் தானே. அது எனக்கு ஒருத்தரும் பழக்கேல்ல. ரெண்டு மூட்டை பிரிஞ்சு கொட்டின பிறகு நானாப் பழகினது."

ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. அக்கா பாக்கை நல்ல பக்கம் திருப்பி மேசையில் வைத்துவிட்டு, "சரி வாங்கோ, காது வைப்பம்," என்றார்.

அந்த மூட்டைகளுக்கு என்ன விலை போடுவது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அதைச் "சுலபமான கைவேலை" என்று ஒருவராலும் சொல்ல முடியாது. துணி அதே துணி. தையல் அதே நூலோட்டம். மடிப்பும் அதே மடிப்பு.

மூலையில் நிற்கிற மிசின்

போர் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் பெண்களுக்கு வாழ்வாதார உதவி என்று வந்தவற்றில் முன்னுக்கு நின்றது கோழிக்குஞ்சும் தையல் மிசினும். கணவனை இழந்தவர் என்றால் தையல் மிசின். முன்னாள் போராளி என்றால் தையல் மிசின். கொடுக்கிற நிகழ்வில் பூமாலை, விருந்தினர், படம். பெண் என்றால் தைப்பாள்தானே, மிசின் மட்டும் இருந்தால் காணும் என்ற கணக்கு.

அக்காவுக்கும் ஒன்று கிடைத்தது. அவருடைய ஒழுங்கையில் மட்டும் ஆறு வீட்டுக்குக் கிடைத்தது. ஆறு பேரும் ஒரே ஒழுங்கையில் யாருக்குத் தைப்பது? ரவுணில் தைத்த சட்டை மலிவாகத் தொங்குகிறது. அதைத் தைத்ததும் எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் இலக்குக்கு ஓடுகிற இன்னொரு பெண்தான். வெட்டப் பழக்கவில்லை, துணி வாங்க முதல் இல்லை, விற்க இடம் இல்லை. நாலு மிசின் இப்போது சேலைத்துண்டால் மூடி மூலையில் நிற்கிறதாம். ஒன்று விற்றாயிற்று. அக்கா மட்டும் பிளவுஸ் வெட்டப் பழகி, கலியாண வீட்டுக்காரரைப் பிடித்து, மெல்ல மெல்ல நிமிர்ந்தார். பழகப் போன இடத்துக்குக் கட்டணமும் கட்டியிருக்கிறார். அவருக்குப் பழக்கியவர் கூலி வாங்கினார். அது சரியும்கூட.

எங்கள் தலைமுறை ஊசியை முதலில் தொட்டது 2020 மார்ச் ஊரடங்கில். முகக்கவசம் தட்டுப்பாடு. பழைய சேர்ட்டை வெட்டி, காதுக்கு இலாஸ்ரிக் போட்டு, வீட்டுக்கு வீடு தைத்தோம். எங்களில் சில பெடியளும் தைத்தார்கள். அப்போது "எங்களுக்கு வராது" என்று ஒருவரும் சொல்லவில்லை. பிறகு ஊரடங்கு எடுபட்டது, கடையில் முகக்கவசம் வந்தது, ஊசி திரும்பவும் அம்மாவின் டப்பாவுக்குள் போய்விட்டது.

அதனால் இனி

அக்காவின் காசை அடுத்த கிழமை கொண்டுபோய்க் கொடுத்தோம். எவ்வளவு என்று அவரையே கணக்குப் போடச் சொன்னோம். அவர் ஒரு நாளில் தைக்கிற பிளவுஸ்களின் எண்ணிக்கை, ஒன்றுக்கு அவர் எடுக்கிற கூலி, பஸ் போக வர. கொப்பித்தாளில் எழுதிக் கூட்டினார். பழக்கினதுக்குத் தனியாக ஒன்றும் எழுதவில்லை. நாங்கள் கேட்டபோதுதான், யோசித்து, ஒரு தொகை எழுதினார். அது மிகக் குறைவு. கூட்டச் சொல்லி நாங்கள் வாதாட வேண்டியிருந்தது. பழக்கிற வேலைக்கும் விலை உண்டு என்பதை நாங்கள் மட்டுமல்ல, அவரும் அண்டைக்குத்தான் பழகினார் போல.

அடுத்த பட்டறைக்கான வரவுசெலவில் முதல் வரி பழக்குபவரின் கொடுப்பனவு. சுவரொட்டியில் "சுலபமாக" என்ற சொல்லை எடுப்பதா என்று இரண்டு கூட்டம் வாதாடினோம். எடுத்தால் பயந்து ஒருவரும் வரமாட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். கடைசியில் எடுத்துவிட்டு, "முதலிலிருந்து தையல் பழகுவோம்" என்று போட்டிருக்கிறோம். கட்டணம் இல்லை என்பது அப்படியே இருக்கிறது. பழக்குபவருக்கான காசை அங்கத்தவர்கள் சேர்ந்து போடுகிறோம்.

கதவடியில் நின்ற நாலு பேரில் ஒருவன் போன கிழமை பாக்கைக் கொண்டு வந்தான். சந்தையில் இரண்டு கிலோ அரிசியும் ஒரு பூசணிக்காயும் போட்டிருக்கிறான், ஒரு பக்கக் காது கையோடு வந்துவிட்டது. சதுரம் மட்டும் தைத்திருந்தான், பெருக்கல் அடையாளம் போடவில்லை. அக்கா மூன்று தரம் சொன்னது அதைத்தான். வாசிகசாலைப் படிக்கட்டில் இருந்து, எங்களிடம் ஊசி வாங்கி, அவனே திரும்பவும் தைத்தான். அரைமணித்தியாலம் எடுத்தது.